சீட்டைக் காட்டுவதா, மடித்து வைப்பதா?

நாகர்கோவிலில் நெடுநாள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், தகவல் பொருளாதாரம் (யாருக்கு என்ன தெரியும் என்பது வாங்கல் விற்றலை எப்படி மாற்றுகிறது என்ற ஆய்வு) குறித்து வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் பாலின் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காடு) அளவு நன்றாக வந்த நாளில் மட்டும் சோதனைச் சீட்டை வியாபாரியிடம் காட்டுகிறேன். இதில் ஆதாயம் உண்டா?

பதில்: நெடுநாள் நிலைக்காது. 38 விழுக்காடு வந்தவர் காட்டிவிடுவார். காட்டாதவர்களின் சராசரி அதனால் இறங்கும். அந்தச் சராசரியில் சேர்த்து எண்ணப்படுவதைவிடக் காட்டிவிடுவதே மேல் என்று 35 வந்தவருக்கும் தோன்றும். இப்படிப் படிப்படியாக இறங்கி, சீட்டை மடித்து வைத்தவருடையது அடிமட்டப் பால் என்றே வியாபாரி முடிவு கட்டுவார். பொருளியலாளர்கள் கிராஸ்மனும் மில்கிராமும் 1981இல் தனித்தனியே எழுதிய கட்டுரைகளின் சாரம் இது. தாங்கள் அன்று சோதித்தீர்களா என்பதே வியாபாரிக்குத் தெரியாவிட்டால் மட்டும் மௌனத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று 1985இல் டை என்ற ஆய்வாளர் காட்டினார்.

கேள்வி (மார்த்தாண்டம்): பொய்யே சொல்லாமல் வாங்குபவரை நம் பக்கம் இழுக்க முடியுமா?

பதில்: முடியும். கமெனிகா, கென்ட்ஸ்கோ என்ற பொருளியலாளர்கள் 2011இல், நீதிபதியைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும் அரசு வழக்கறிஞரை வைத்துச் சொன்ன கணக்கைத் தங்கள் ஊர்த் தேனுக்குப் பொருத்துகிறேன். 100 தகரங்களில் 30 முதல் தரம். எவை என்று யாருக்கும் தெரியாது. முதல் தரமாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்தால்தான் மொத்த வியாபாரி ஒரு தகரத்தை வாங்குவார். சோதனை இல்லையேல் ஒன்றும் விலைபோகாது. துல்லியமாகச் சோதித்தால் 30 போகும். நல்ல தேன் முழுவதும் தேறி, மட்டமான 70இலும் 30 தேறும்படி சற்றுத் தளர்வான சோதனையை விற்பவர் அமைத்து, அந்த விதியையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், தேறிய 60இல் சரிபாதி நல்லதாக இருக்கும், 60உம் விற்றுவிடும்.

கேள்வி (அவரே): அப்படியானால் வியாபாரி ஏமாந்தார் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. அவர் விதியை அறிந்து, கணக்குப் போட்டே வாங்குகிறார். ஆனால் சரிபாதி வாய்ப்பில் வாங்குவதும் வாங்காததும் அவருக்கு ஒன்றே என்பதால், அந்தச் சோதனையால் அவருக்குக் கிடைத்த லாபம் பூஜ்யம். ஆதாயம் முழுவதும் சோதனையை வடிவமைத்தவருக்கே போகிறது. இக்கோட்பாட்டில் என்னை உறுத்துவது இதுதான்.

கேள்வி (குளச்சல்): "விடியற்காலை பிடித்த மீன்" என்று ஏலத்தில் வாயால் சொல்வதற்கு என்ன மதிப்பு?

பதில்: சொல்பவரின் நலனும் கேட்பவரின் நலனும் எவ்வளவு விலகுகின்றனவோ, அவ்வளவுக்குச் செலவில்லாத பேச்சில் தகவல் மங்கும் என்று 1982இல் பொருளியலாளர்கள் கிராஃபர்டும் சோபலும் நிறுவினர். ஏலம் எடுப்பவர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது அதனால்தான்.