இல்லத்தில் மாதம் எவ்வளவு என்று கேட்கும் தம்பிக்கு

தம்பி, எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) சிங்கப்பூர் வந்து இறங்கிய சூட்டோடு மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ரூம் எங்கே எடுப்பது, ஊருக்குப் பணம் எதில் அனுப்புவது, ராமநாதபுரம் பக்கம் பனைக்குளத்தில் தனியாக இருக்கும் உம்மாவை ஏதாவது நல்ல முதியோர் இல்லத்தில் சேர்த்தால் மாதம் எவ்வளவு ஆகும். முதல் இரண்டையும் உங்கள் கம்பெனியில் இருக்கும் நம்ம பக்கத்துப் பையன்கள் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலில் மட்டும் அனுப்பாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதோடு, பாதி வழியில் பணம் நின்றுபோனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. உம்மாவின் வைத்தியத்துக்கு நீங்கள்தான் செலவழித்தீர்கள் என்று காட்டக் காகிதமும் இருக்காது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். உம்மாவுக்கு 71 வயது, இன்சுலின் போடுகிறார், இடுப்பு எலும்பு முறிந்து மாற்று மூட்டு வைத்திருக்கிறார்கள், வாக்கர் பிடித்து நடக்கிறார், ராத்தா (உங்கள் அக்கா) ராமநாதபுரத்தில் தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அழைத்து வரலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். எஸ் பாஸில் வழியில்லை. அதற்கு மேல்படியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவருக்கே நிலையான மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால்தான் பெற்றோரை அழைக்க முடியும். அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

நம்ம கடற்கரையில் இருக்கும் இல்லங்களில் பெரும்பாலானவை ஆதரவற்றவர்களுக்காகத் தர்மத்தில் நடப்பவை. சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். இரவில் சர்க்கரை இறங்கினால் கவனிக்க நர்ஸ் இருக்க மாட்டார். நர்ஸ், பிசியோதெரபி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கட்டண இல்லம் என்றால் மதுரை, திருச்சி, கோவை என்று போக வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல். ராத்தா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைய பொழுது முடிந்தது. கணக்குப் போடும்போது இதையும் செலவில் சேருங்கள். யாரும் போய்ப் பார்க்காத நோயாளிக்குக் கவனிப்பு தன்னாலே குறைந்துவிடும், எவ்வளவு நல்ல இல்லமாக இருந்தாலும் சரி.

அப்படிப்பட்ட இல்லங்களில் மாதம் 25,000 முதல் 50,000 வரை சொல்வார்கள். முன்பணம் தனி. இந்தத் தொகையைக் கேட்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது. அது நடந்து, தானே சாப்பிட்டு, தானே பாத்ரூம் போகிறவருக்கான விலை. படுக்கையில் விழுந்தால் கட்டணம் ஏறும், மூக்கு வழியே டியூப் வைத்தால் இன்னொரு தடவை ஏறும். டயப்பர், மருந்து, டாக்டர் விசிட், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள், எல்லாம் வெளிச் செலவு. டயப்பர் ஒன்றுக்கு 40 ரூபாய் வைத்து நாளைக்கு 3 என்றாலே மாதம் 3,600. ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். வருமான வரித்துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயதைக் கடந்தவருக்குத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வரி கிடையாது. மற்ற இடங்களில் 18 சதவீதம் மேலே வந்து நிற்கலாம்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த நிலைமை வந்தால் உம்மாவைத் திருப்பி அனுப்புவீர்கள்? இதை அப்படியே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல ஒப்பந்தங்களில் மறதி நோய் முற்றினால், புண் வந்தால், தொற்று வந்தால், சத்தம் போட்டு மற்றவர்களைத் தொந்தரவு செய்தால், இத்தனை நாளில் அழைத்துப் போக வேண்டும் என்று ஒரு வரி உள்ளே கிடக்கும். உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் அந்த வரி வேலை செய்யும். அதோடு சேர்த்து, நடுவில் இறந்துபோனால் அல்லது அழைத்துக்கொண்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், வருடத்துக்கு எத்தனை சதவீதம் கட்டணம் ஏறும், இரவு 10 மணிக்கு மேல் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், இன்சுலின் போடுகிறவர் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, இதையும் கேளுங்கள். வெள்ளைக் கோட்டு மாட்டியவரெல்லாம் நர்ஸ் இல்லை. பணத்தை இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மேனேஜரின் சொந்த ஜிபே நம்பர் கொடுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

சாப்பாட்டைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பல இல்லங்களில் சைவம் மட்டும்தான். வாழ்நாள் முழுக்க மீன் சாப்பிட்ட நம்ம பெண்கள் அங்கே ரசம் சோற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். புரதம் குறையும், எலும்பு கூடவும் புண் ஆறவும் நாள் பிடிக்கும். ஹலால் உண்டா, தினம் முட்டையாவது தருவார்களா, நோன்பு மாதத்தில் இன்சுலின் நேரத்தை யார் மாற்றிக் கவனிப்பார்கள், கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, நம்ம மாவட்டத்துக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கெடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. ஆனால் டியூப்பைப் பிடுங்குகிறார் என்று கையைத் துணியால் கட்டிலில் கட்டுவது இன்றும் நடக்கிறது. அதனால் இல்லத்தைப் பகலில் பார்த்ததோடு நிறுத்த வேண்டாம். ராத்தாவை ஒரு நாள் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு சொல்லாமல் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், வாக்கர் பிடித்தவர் எந்த வழியாக வெளியே வருவார் என்று பார்க்கட்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்றும் விசாரிக்கட்டும்.

உங்கள் உம்மா இன்று இருக்கும் நிலைக்கு இல்லம் தேவையில்லை என்பது என் எண்ணம். வீட்டையே சரி செய்தால் போதும். இங்கேதான் வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் நம்ம சபுராளிகள் மேல் எனக்குக் கோபம். பளிங்குத் தரை, மாடியில் நான்கு ரூம், வாசலில் கிரானைட் படி, எல்லாம் கட்டுவார்கள். கீழே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்காது. ஈரக் காலோடு பளிங்கில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட தாய்மார்கள் நம்ம கடற்கரை ஊர்களில் எத்தனை பேர்! விழுந்த பிறகு சிசிடிவி கேமரா வைப்பார்கள். அடுத்த தடவை விழுவதைச் சிங்கப்பூரில் இருந்தே பார்க்கலாம்.

மாற்று மூட்டு வைத்தவர் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. இந்தியன் டாய்லெட், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் குனிவது, தாழ்ந்த சோபா, எல்லாமே மூட்டு நழுவ வழி. டாக்டர் சரி என்று சொல்லும்வரை தொழுகை நாற்காலியில்தான். கமோடின் உட்காரும் உயரம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் மேலே வைக்கும் சீட் வாங்குங்கள். பக்கச் சுவரில் பிடிகம்பி, தரையிலிருந்து 85 செ.மீ. அளவில். நம்ம உப்புக் காற்றில் பெயின்ட் அடித்த இரும்புக் கம்பி ஒரு மழைக்காலம் தாங்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 தரம், கடலை ஒட்டிய தெரு என்றால் 316. செங்கல் வரை போகும் ஆங்கர் போல்ட் போட வேண்டும். டைல்ஸில் ரப்பர் கப் வைத்து ஒட்டும் கம்பி பக்கமே போகாதீர்கள். மாட்டியதும் கொத்தனாரையே முழு எடையோடு தொங்கச் சொல்லுங்கள். வாக்கரின் கைப்பிடி, உம்மா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். கடையில் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு கூன் போட்டு நடப்பவர்கள்தான் அதிகம்.

இரவில் எழுந்து டாய்லெட் போவதுதான் ஆபத்து. கட்டிலிலிருந்து டாய்லெட் வரை சென்சார் லைட், வழியில் மிதியடி எதுவும் கிடக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் கரண்ட் போனால் வர நேரமாகும், இன்வெர்ட்டர் கட்டாயம். நாளை ஆக்சிஜன் மெஷின் தேவைப்பட்டால் 5 லிட்டர் மெஷினுக்கு ஏறக்குறைய 350 வாட் வேண்டும். 150 ஏஎச் பேட்டரி ஒன்று அதை மூன்று நான்கு மணி நேரம்தான் ஓட்டும், இரவு முழுக்க ஓடும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆள் வைப்பது. பகலுக்கு மட்டும் உள்ளூர்ப் பெண் என்றால் 10,000 முதல் 12,000. ஏஜென்சி வழியாகக் கூடவே தங்கும் ஆள் 18,000 முதல் 25,000, சாப்பாடு நம்முடையது. ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுக்கிறது என்று கேளுங்கள். அது குறைவாக இருந்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்ப வர மாட்டார். அவர் லீவில் போகும் நாட்களுக்கு மாற்று ஆள் யார் என்பதை முதல் மாதமே எழுதி வாங்குங்கள். அவருக்குச் சமைக்கவும் வீடு பெருக்கவும் சேர்த்து வேலை வைக்காதீர்கள். பிறகு நோயாளி கடைசி வேலையாகிவிடுவார். ஒரு விஷயத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்துச் சுவரிலும் ஒட்டுங்கள்: வியர்த்து, நடுங்கி, பேச்சு மாறினால் சர்க்கரை பார். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடத்தில் மறுபடி பார். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதே, 108ஐக் கூப்பிடு.

அரசு உதவி பற்றி. முதியோர் உதவித்தொகை பார்க்க ஆளில்லாதவர்களுக்கானது. சிங்கப்பூரில் மகனை வைத்துக்கொண்டு யாரையாவது பிடித்து அதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வரும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு உரிமையோடு கிடைப்பது மக்களைத் தேடி மருத்துவம். 2021இல் வந்தது. பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், நடக்க முடியாதவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும், கௌரவம் பார்க்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதும் இல்லை. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. தனியார் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். அதுவும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், ஆயாம்மா சம்பளத்துக்கு ஒரு காசு வராது.

கையெழுத்து விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். உம்மா ராத்தாவுக்கு எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம், உம்மாவின் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். ஸ்ட்ரோக் வந்து நினைவு போனால் அதுவும் செல்லாது. பிறகு அவர் பணத்தை அவருக்கே செலவழிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டி வரும். அதனால் இப்போதே உம்மாவின் வங்கிக் கணக்கில் ராத்தாவைச் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றுங்கள். 70 வயதைக் கடந்தவருக்கு வங்கி வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லிவிட்டது. கிளையில் தெரியாது என்பார்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் இங்கிருந்து ராத்தாவுக்குப் பவர் கொடுப்பதாக இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புங்கள். ஊரில் கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பீரோவில் வைத்து மறந்துவிட்டுப் பிறகு அலைகிறவர்கள் நிறைய. வீட்டை யார் பெயருக்காவது எழுதுவதாக உம்மா சொன்னால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போய் அதை ரத்து செய்ய அந்த ஒரு வரி பலமான பிடி.

முன்பு ரஜூலா, எம்.வி. சிதம்பரம் கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்து இறங்கினவர்கள் இதையெல்லாம் யோசித்ததே இல்லை. வீட்டில் மாமி, சாச்சி, கொழுந்தி என்று ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அந்தப் பெண்களை யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை, சம்பளமும் கொடுத்ததில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று இங்கே டீக்கடையில் பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இப்போது அந்த வேலை முழுவதும் உங்கள் ராத்தா ஒருத்தி தலையில் விழப் போகிறது. ஆயாம்மாவுக்கு 20,000 கொடுக்கத் தயாராக இருக்கிற நீங்கள், மேற்பார்வை பார்க்கும் ராத்தாவுக்கு ஆட்டோச் செலவுக்கும் அவர் கைக்கும் மாதம் ஒரு தொகை தனியாக அனுப்புங்கள். கேட்க மாட்டார், நீங்களாகவே செய்யுங்கள்.

ரூம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்டால் வேறு இடம் பாருங்கள், வீட்டுக்காரர் உங்கள் பெயரை எச்டிபியில் (சிங்கப்பூர் அரசு வீட்டு வசதி வாரியம்) பதிகிறாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.