குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நாமே வயரிங் செய்யலாமா? சுவிட்சை எங்கே வைப்பது?

ஃபேனைச் சுவரில் பொருத்துவது வரை நீங்களே செய்யலாம். லைன் இழுத்து இணைப்பதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் அவர் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வடசென்னை தண்டையார்பேட்டையில். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும். பாத்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த ஓட்டையில் ஆறு அங்குல ஃபேன் ஒன்றுதான். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் அதைத் துடைத்தார். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினார். இருந்தும் ஷாக் அடித்துக் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சுவிட்ச் ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) இல்லை, நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இருந்தது. நியூட்ரலை வெட்டினாலும் ஃபேன் நிற்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் (coil) முழுக்க 230 வோல்ட் அப்படியே இருக்கும். வருடக்கணக்கில் ஈரமும் உப்புக்காற்றும் பட்டு இன்சுலேஷன் கெட்டு, கரண்ட் பாடிக்கு வந்திருக்கிறது. எர்த் வயரை எதிலும் மாட்டாமல் சுருட்டி விட்டிருந்தார்கள். எர்த் இருந்து, கரண்ட் கசிந்தால் லைனை உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியும் (RCCB) இருந்திருந்தால், கசிவு தொடங்கிய அன்றே லைன் டிரிப் ஆகியிருக்கும்.

அதனால் சோதனை இதுதான். சுவிட்சை அணைத்த நிலையில் ஃபேனின் இரண்டு டெர்மினலிலும் டெஸ்டர் வைக்க வேண்டும். எதிலும் எரியக் கூடாது. நியூட்ரல் வெட்டப்பட்டிருந்தால் இரண்டிலுமே எரியும், ஏனென்றால் காயில் வழியாக ஃபேஸ் மறுமுனைக்கும் வந்துவிடும். டெஸ்டரையே நம்பிவிடாதீர்கள்: கரண்ட் இருக்கும் வேறொரு பாயின்ட்டில் முதலில் ஒரு முறை, முடித்ததும் ஒரு முறை வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். வயரின் நிறத்தையும் நம்ப வேண்டாம். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம்தான். பழைய வீடுகளில் கையில் கிடைத்ததை இழுத்திருப்பார்கள்.

பிறகு ஃபேனைத் துடைப்பதாக இருந்தாலும் மெயினையே இறக்குங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கினாலும் அந்த லைனில் கரண்ட் இருக்கும்! அதையும் சேர்த்து அணைக்க வேண்டும்.

சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, கதவை ஒட்டி இருக்கட்டும். நம் பாத்ரூம்கள் சின்னவை, மொண்டு ஊற்றும் தண்ணீர் எல்லாச் சுவரிலும் தெறிக்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் தனித்தனி சுவிட்ச் போடுங்கள், குளித்து முடித்ததும் ஃபேன் மட்டும் கால் மணி நேரம் ஓடலாம். கீசர் பாயின்ட்டிலிருந்து மட்டும் லைன் எடுக்கவே கூடாது. அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்தான் எம்சிபி (MCB); கீசருடையது பெரியது, ஃபேனின் மெல்லிய வயர் சூடேறிக் கருகினாலும் அது விழாது. ஃபேனுக்கு ஆறு ஆம்பியர் எம்சிபி உள்ள லைட் லைன் போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்சிபி வயரைத்தான் காக்கும், ஷாக்கிலிருந்து ஆளைக் காக்காது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், டிரிப் ஆகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோரமாக இருந்தால் இன்னொன்று. இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிய ஜாயின்ட்டில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடும். மூடி உள்ள பெட்டிக்குள் கனெக்டர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ஃபேனுக்குள் நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும், மழைத்தண்ணீர் வயரோடு வழிந்து டெர்மினலுக்குப் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.