கணினியில் ஒருவர் நுழைந்ததும் வெளியேறியதும் எங்கே பதிவாகின்றன? அதை வைத்து அவருடைய வேலை நேரத்தைக் கணக்கிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். சர்வர்களைப் பராமரிப்பவன் என்பதால் மேலாளர்கள் இதை என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். நுழைந்த நேரத்தைப் பெரும்பாலும் நம்பலாம். வெளியேறிய நேரமோ பல சமயம் வெறும் ஊகம்.

லினக்ஸில் அதன் முன்னோடியான யூனிக்ஸ் காலத்து ஏற்பாடு ஒன்று வெகுநாள் இருந்துவந்தது. யுடிஎம்பி என்ற கோப்பில் இப்போது உள்ளே இருப்பவர்கள் மட்டும் இருப்பார்கள். ‘ஹூ’ கட்டளை காட்டுவது இதைத்தான். டபிள்யுடிஎம்பி வரலாற்றுக் கோப்பு. வருகை, வெளியேற்றம், கணினி துவங்கியது எல்லாம் அதன் கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். ‘லாஸ்ட்’ கட்டளை அதைப் படித்துச் சொல்லும். பிடிஎம்பியில் தோற்றுப்போன முயற்சிகள். இந்த மூன்றாவதை நிர்வாகி மட்டுமே படிக்க முடியும்படி வைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு: அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுபவர்கள் ஏராளம். அது அப்படியே அந்தக் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. உள்நுழைவுத் திரை, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர் போன்ற நிரல்கள் தாமாக முன்வந்து எழுதுகின்றன. எழுதாத நிரல் வழியாக ஒருவர் உள்ளே வந்தால் ‘லாஸ்ட்’ பட்டியலில் அவர் பெயரே இருக்காது.

சிக்கல் வெளியேற்றத்தில்தான். அந்தப் பதிவில் எந்த முனையம் (அவர் நுழைந்த திரை அல்லது இணைப்பு), எத்தனை மணிக்கு என்பவை இருக்கும். பயனர் பெயர் இருக்கும் இடம் காலி. ‘லாஸ்ட்’ கோப்பைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்து, அதே முனையத்தின் வருகையையும் வெளியேற்றத்தையும் ஜோடி சேர்க்கிறது. மின்சாரம் திடீரென்று போய்விட்டால் வெளியேற்றத்தை எழுத யார் இருக்கிறார்கள்? அப்போது அடுத்து கணினி துவங்கிய நேரத்தையே முடிவாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ‘கிராஷ்’ என்று போட்டுவிடும். வெள்ளி மாலை அணைந்த கணினியைத் திங்கள் காலை துவக்கினால், அந்த மனிதர் சனி ஞாயிறு முழுக்க உள்ளே இருந்ததாகக் கணக்கு வரும்! இதை வைத்துச் சம்பளம் போட்டால் அவருக்கு நல்ல லாபம்.

விண்டோஸில் இவை ‘செக்யூரிட்டி’ பதிவேட்டில் எண்களாக வருகின்றன. 4624 வெற்றிகரமான நுழைவு, 4625 தோல்வி, 4634 அமர்வின் முடிவு, 4647 பயனரே வெளியேறியது. முதல்முறை திறந்து பார்ப்பவர் 4624 நூற்றுக்கணக்கில் இருப்பதைக் கண்டு யாரோ ஊடுருவிவிட்டதாகப் பதறுவார். பதற வேண்டாம். ஒவ்வொன்றிலும் நுழைவு வகை என்றொரு எண் இருக்கும். 3 என்றால் நெட்வொர்க் வழி வந்தது, பகிர்ந்த கோப்புறையைத் திறந்தாலே போதும். 5 என்றால் பின்னணிச் சேவை. மனிதரைத் தேடுகிறீர்கள் என்றால் 2, 7, 10, 11 ஆகியவற்றைப் பாருங்கள்: முறையே நேரடி நுழைவு, பூட்டைத் திறந்தது, ரிமோட் டெஸ்க்டாப், சேமித்து வைத்த சான்றுகளைக் கொண்டு நுழைந்தது.

நுழைவையும் வெளியேற்றத்தையும் இணைக்க ஒவ்வொரு அமர்வுக்கும் விண்டோஸ் தரும் ‘லாகான் ஐடி’ என்ற எண் யூனிக்ஸின் ஜோடி சேர்ப்பைவிடத் தெளிவானது. ஆனால் கணினியை மறுபடி துவக்கினால் பழைய எண் வேறொரு அமர்வுக்கு வரலாம். திரையைப் பூட்டியது 4800, திறந்தது 4801. இவ்விரண்டும் தணிக்கைக் கொள்கையில் (எவற்றைப் பதிய வேண்டும் என்று சொல்லும் அமைப்பில்) தனியாக இயக்கினால்தான் பதிவாகும். அப்படியே பதிவானாலும், பூட்டாத திரைக்கு முன்னால் ஆள் இருந்தாரா என்று எந்த இயங்குதளத்துக்கும் தெரியாது.

லினக்ஸின் பழைய கோப்புகளுக்கு இன்னொரு நோயும் உண்டு. பரவலாகப் புழங்கும் 64-பிட் இன்டெல் கணினிகளில்கூட அவை நேரத்தை 32 பிட்டில்தான் வைக்கின்றன. 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பிவிடும். அதனால் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாறும் வேலை தொடங்கிவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13-இல் பழைய ‘லாஸ்ட்’ நிரலே இல்லை, அந்த இடத்துக்கு டபிள்யுடிஎம்பிடிபி என்ற நிரல் வந்திருக்கிறது.

பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், பதிவை அதே கணினியில் மட்டும் வைத்திருப்பதில் பயனில்லை. லினக்ஸில் ரூட் அதிகாரம், அதாவது முழு நிர்வாகி உரிமை, கிடைத்தவர் டபிள்யுடிஎம்பியில் தன் வரிகளை மட்டும் அழித்துவிட்டுப் போகலாம். விண்டோஸ் இதில் சற்றுப் பரவாயில்லை: ‘செக்யூரிட்டி’ பதிவேட்டை முழுக்கத் துடைத்தால், துடைத்தது யார் என்பதை 1102 என்ற எண்ணில் எழுதிவைக்கும். ஆனால் அந்தப் பதிவேடு நிரம்பியதும் பழையவற்றின் மேலேயே எழுதத் தொடங்கும். நெரிசலான சர்வரில் போன வாரத்து நுழைவுகளே காணாமல் போயிருக்கும். ஆகவே நிகழ்வுகள் உடனுக்குடன் வேறொரு கணினிக்குப் போய்ச் சேரும்படி இன்றே அமைத்துவிடுங்கள்.