அதிக காசு குடுத்து ஏன் வெளிய குடுக்கறாங்க?

கேள்வி: சேலத்துல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல ரொம்ப வருஷமா இருக்கேன். எங்க டிபார்ட்மெண்ட்டையே ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனிக்கு குடுக்கப் போறாங்களாம். அவங்க கேக்கற காசு எங்க எல்லார் சம்பளத்தையும் விட அதிகம்னு பேசிக்கறாங்க. அப்புறம் எதுக்கு குடுக்கறாங்க? எங்க கதி என்ன?
- பெயர் வேண்டாம், அம்மாபேட்டை

பதில்: சகோதரி, காசு மிச்சம் பண்ணத்தான் குடுக்கறாங்கன்னு நெனச்சீங்கன்னா இது புரியவே புரியாது. மேனேஜரை மேல இருக்கறவங்க கேக்கறது "உன்கிட்ட எத்தனை பேர் இருக்காங்க"ங்கறதத்தான். ஆளுன்னா இன்க்ரிமெண்ட், பிஎஃப், கிராஜுவிட்டி, யாராவது நின்னுட்டா புதுசா ஆள் தேடற வேலை வேற, அதையே காண்ட்ராக்டா மாத்திட்டா மாசம் ஒரு பில், அதுவும் வேற தலைப்புல போயிடும், ஹெட்கவுண்ட், அதாவது ஆள் எண்ணிக்கை, குறைஞ்சதுன்னு ரிப்போர்ட்ல காட்டிக்கலாம்.

அதைவிட பெரிய காரணம் பழி. ஜிஎஸ்டி ரிட்டர்ன் லேட்டானா இன்னிக்கு மேனேஜர் தலைதான் உருளும். பேர் பெத்த கம்பெனிகிட்ட குடுத்துட்டா "அவங்களாலயே முடியலைங்க"ன்னு போர்டுல சொல்லிடலாம். அந்த பாதுகாப்புக்குத்தான் கூடுதல் காசு.

இது புதுசும் இல்ல. 1989ல கேமரா ஃபிலிம் கம்பெனி கோடாக் தன் கம்ப்யூட்டர் வேலையை ஐபிஎம்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனிக்கு குடுத்துச்சு, அவ்வளவு பெரிய கம்பெனியே குடுக்குதுன்னு மத்தவங்களும் கிளம்பிட்டாங்க. எல்லாமே தப்புன்னும் சொல்ல மாட்டேன். 2004ல ஏர்டெல் ஐடி வேலையை ஐபிஎம்முக்கு குடுத்தப்போ கஸ்டமர் ஏறின வேகத்துக்கு சொந்தமா ஆள் எடுத்து மாளாது, பேமெண்ட்டையும் வருமானத்தோட கோத்து வச்சாங்க, அதுல நியாயம் இருக்கு. ஆனா அமெரிக்க பேங்க் ஜேபி மார்கன் 2002 கடைசில 7 வருஷத்துக்கு 500 கோடி டாலர்னு ஐபிஎம்கூட ஒப்பந்தம் போட்டு 2004லயே ரத்து பண்ணி வேலையையும் ஆளுங்களையும் திரும்ப உள்ள எடுத்துக்கிச்சு. கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் ஐடி வேலையை பல வருஷம் வெளிய குடுத்துட்டு 2012ல திரும்ப ஆள் எடுக்க ஆரம்பிச்சுது.

ஏன்னா வேலை பேப்பர்ல இல்ல, உங்க தலைல இருக்கு. பிரசண்டேஷனுக்கு கோட் போட்டு வர்ற சீனியர் கையெழுத்தானதும் பெரும்பாலும் கண்ல படமாட்டார், கேடி (KT), அதாவது வேலையைக் கத்துக்கறதுன்னு சொல்லி ஒரு சின்னப் பையன் பக்கத்துல உக்காந்து எக்செல்ல எழுதிப்பான். நம்ம சேலம் லீ பஜார் பார்ட்டி பில்லுல சலான் நம்பர் இருக்காது, மத்தியானம் கடை ஓஞ்சப்புறம் போன் போட்டாத்தான் எடுத்துச் சொல்வாரு, இது மாதிரி விஷயத்துக்கு அந்த எக்செல்ல கட்டமே கிடையாது. அப்புறம் பில் மாட்டி நிக்கும், அதை சரி பண்ண "சேஞ்ச் ரிக்வெஸ்ட்", அதாவது ஒப்பந்தத்துல இல்லாத வேலைன்னு தனி காசு, அவங்க சம்பாதிக்கறதே அங்கதான். இத்தனை வருஷ அனுபவத்தை யாரும் மதிப்பு போட்டுக்கூட பாக்கறதில்லங்கறதுதான் எனக்கு ஆத்திரமே.

இப்ப உங்க விஷயம். உங்களை அந்த கம்பெனி ரோலுக்கு மாத்தறோம்பாங்க, ரீபேட்ஜ்னு பேரு. ராஜினாமா லெட்டர் கேட்டா அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்க, டிரான்ஸ்ஃபர் லெட்டர்தான் வேணும்னு கேளுங்க. பழைய சர்வீஸ், கிராஜுவிட்டி, லீவ் பேலன்ஸ் எல்லாம் தொடரும்னு எழுத்துல இருக்கணும், வாய்ல சொல்றது செல்லாது. பிஎஃப்புக்கு அதே யுஏஎன் நம்பரைக் குடுங்க. தனித்தனியா போகாம எல்லாருமா சேர்ந்தே ஹெச்ஆர்கிட்ட பேசுங்க. முக்கியமா போஸ்டிங் சேலம்னு போட்டிருக்கான்னு பாருங்க, "இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும்"னு இருந்தா அடுத்த வருஷமே பெங்களூர் போகச் சொல்லலாம், அந்த வரியை மாத்திக் குடுத்தப்புறம் கையெழுத்து போடுங்க.