ஓப்பன் கிச்சன்: தட்டிப் பார்த்துச் சொல்பவரை நம்பலாமா?

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ‘1996இல் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பில், முதல் மாடியில் எங்கள் வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்க ஆசை. இன்டீரியர் செய்பவர், வெறும் தடுப்புச் சுவர்தான், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். நம்பலாமா?’

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டியிருப்பார். தேங்காய் வாங்க அது போதும்.

சமையலறை வாசலில் சுவரின் கனத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் வந்தால் அது ஒன்பது இஞ்ச் சுவர், கை வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் தூண் இல்லாமல், சுவரே தளத்தைத் தாங்கும்படி கட்டிய குடியிருப்புகள் உண்டு. மேல் வீட்டுச் சுவர் உங்கள் சுவரின் தலையில் உட்கார்ந்திருக்கும். இடித்த அன்று ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். பிறகு மேல் வீட்டுக் கதவு நிலையில் பிடிக்கும், மூலையில் விரிசல் ஓடும்.

ஐந்தரை, ஆறு அங்குலம் என்றால் நாலரை இஞ்ச் சுவர். சரி, இடிக்கலாமா? அந்தச் சுவரில் கான்கிரீட் பரண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டடி நீட்டிக்கொண்டு நிற்கும் பரணுக்குக் கீழே எந்த முட்டும் கிடையாது. சுவருக்குள் புதைந்த லிண்டல் என்ற கான்கிரீட் விட்டமும், அதன்மேல் அமர்ந்த செங்கல் பாரமும்தான் அதைக் கவிழாமல் பிடித்திருக்கின்றன. ஆட்கள் இடிக்கத் தொடங்குவதோ மேலிருந்து. நாலு வரி கல்லை எடுத்ததும் பித்தளை அண்டாவோடு பரண் சாயும். அப்படிச் சாய்ந்து மேடை கிரானைட் இரண்டாகப் பிளந்த ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். நல்லவேளை, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆகவே பரணுக்கு முட்டுக் கொடுத்து, அதை வெட்டி இறக்கிய பிறகே சுவரைத் தொட வேண்டும்.

எது எதைத் தாங்குகிறது, எங்கே எவ்வளவு கம்பி என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. 1996இல் கட்டியவரை எங்கே போய்த் தேடுவது? உங்களிடம் உள்ள அப்ரூவல் பிளானில் அறை அளவு இருக்கும், கம்பிக் கணக்கு இருக்காது. வரைபடங்களைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லும் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததே 2016இல்தான். கார் வாங்கினால் கையேடு தருகிறார்கள். ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டுக்கு அதுகூட இல்லை!

‘சுவரை இடிக்கலாம் என்று இன்ஜினியர் சர்டிபிகேட் நானே வாங்கித் தருகிறேன் மேடம்’ என்று இன்டீரியர்காரர் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். வீட்டுப் படியே ஏறாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நீங்களே தேடி, உங்கள் கையால் ஃபீஸ் கொடுங்கள். சங்கத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

அப்புறம், முழுச் சுவரும் போயே ஆக வேண்டுமா? இன்ஜினியர் ஒப்புக்கொண்டால், மேடை மட்டத்துக்கு மேல் நாலடி அகலத்துக்கு மட்டும் திறக்கலாம். மேலே போடும் லிண்டல் இரு பக்கமும் 8 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். மிளகாய் தாளிக்கும்போது வரும் நெடியில் பாதியையாவது மீதிச் சுவர் தடுத்துக்கொள்ளும்.