துருவைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

தம்பி, மிச்சிகனுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, கையில் 15,000 டாலர் இருக்கிறது, சிறு வயதிலிருந்து ஆசைப்பட்ட பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கலாமா, எண்பதுகளின் ஷெவர்லே கார்வெட் வாங்கலாமா, கடன் கிடைக்குமா, ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுபோக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசைக்கு வாங்கும் வண்டியைக் கடனில் வாங்காதீர்கள். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை இந்தியாவுக்குக் கப்பலேற்றும் எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களிடம் நான் பேச வேண்டியது துருவைப் பற்றி.

இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. உருகிய பனியோடு அந்த உப்பு வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் ஏறி, மடிப்புகளுக்குள் தங்கிவிடும். நான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம் வந்திறங்கினேன். குடியிருந்த ஊரில் பஸ் கிடையாது. மளிகைக்குப் போக வேண்டுமென்றால், கார் வைத்திருந்த நம் ஆட்கள் மனது வைக்க வேண்டும். பெட்ரோல் காசைச் சில்லறை வரை கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டவர்களை நான் இன்னும் மறக்கவில்லை. என் அறைத்தோழர் ஒருவர் பொறுக்க மாட்டாமல் பழைய செடான் ஒன்றை வாங்கினார். வெளியே கண்ணாடிபோலப் பளபளத்தது. முதல் வாரமே அவருடைய கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. காலடிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் கீழே சாலை தெரிகிறது! துளையின் மேல் தகரம்கூட வைக்காமல் புதுக் கம்பளத்தை ஒட்டி விற்றிருந்தான் அந்த வியாபாரி. புதிதாக வந்தவனுக்குக் கேட்கத் தெரியாது என்பதுதான் அவனுடைய முதலீடு.

முதல் தலைமுறை மஸ்டாங்குக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடிதான் எலும்பு. அது அரித்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு சிறு காந்தமும் எடுத்துப் போங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டை ஒட்டி, காற்று போவதற்கான துளை வரிசை இருக்கும். விற்பவரிடம் சொல்லிவிட்டு அதில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு உள்ளே குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். சொட்டினால் அங்கே உள்தகடு அரித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய முன்பக்கத்தையே பிரிக்க வேண்டியிருக்கும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பிலும் பின் சக்கர வளைவிலும் ஓட்டுங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

கார்வெட் ஃபைபர் உடம்பு, துருப்பிடிக்காது என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்களாம். பாதி உண்மை. 1968 முதல் 1982 வரையிலான வண்டிகளில், கண்ணாடியைச் சுற்றிய இரும்புச் சட்டம் ஃபைபருக்குள் மறைந்திருந்து அரிக்கும். உங்கள் பணத்துக்கு 1985க்குப் பிந்தைய நான்காம் தலைமுறை வண்டிதான் பொருத்தம். அதிலும் 1992 முதல் வந்த எல்டி1 எஞ்சினில், சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தண்ணீர் பம்புக்குக் கீழே வைத்தார்கள். பம்பு கசிந்தால் அதுவும் போகும். பம்பு எப்போது மாற்றியது என்று ரசீதோடு கேளுங்கள். 1983 மாடல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மாடல் ஆண்டு விற்பனைக்கே வரவில்லை. மிஞ்சிய ஒரே வண்டி கென்டக்கியின் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். 1966 மஸ்டாங், ஆறு சிலிண்டர், அரிசோனாவிலிருந்து வந்தது. வெயிலில் டாஷ்போர்டு வெடித்திருந்தது, சீட் கிழிந்திருந்தது, இரும்பு மட்டும் சுத்தம். கிழிந்த சீட்டைத் தைத்துக்கொள்ளலாம். எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் இல்லாவிட்டால் மஸ்டாங்கே இல்லை என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். 1964 ஏப்ரலில் அறிமுகமாகி, இரண்டே வருடத்துக்குள் பத்து லட்சம் விற்ற வண்டி அது. அதனால்தான் இன்றும் எந்த உதிரிபாகமும் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். 1966 வரை பிரேக் எண்ணெய்க்கு ஒரே அறைதான். ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இரட்டை அறையாக மாற்றிய பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஃபோர்டின் ரூஜ் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் இருந்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்துப் பார்ப்பதை அவர்தான் கற்றுக்கொடுத்தார். தகடு இலேசாக உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும், இழுக்கவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. என் விரலைப் பிடித்து அந்த உரசலை உணரவைத்தார். அன்றுதான் இந்த ஊர் எனக்கும் ஊராயிற்று. நம்மவர்களில் பலர் இருபது வருடம் இங்கே இருந்தும் பானட்டைத் திறந்து பார்த்ததில்லை. கோவில் வாசலில் ஜெர்மன் வண்டியை நிறுத்திவிட்டு, "இந்தப் பழைய இரும்புக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று என்னிடம் கேட்பார்கள். அது மாதத் தவணை கட்டி ஓட்டும் குத்தகை வண்டி. என் இரும்பு எனக்குச் சொந்தம். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, பழைய வண்டிகளின் ஊர்வலம் நடக்கும் உட்வர்ட் அவென்யூவுக்கு வாருங்கள். ஃபெர்ண்டேல் முதல் பான்டியாக் வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்பின் தெரியாதவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

மற்றவை எளிது. டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றா, பெரிய சேதத்துக்கு உள்ளான வண்டி என்பதற்கான சால்வேஜ் முத்திரை உண்டா என்று பாருங்கள். பழைய வண்டிக்கான காப்பீட்டுக்குப் பெரும்பாலும் பூட்டிய கராஜும் தினசரி ஓட்ட வேறு வண்டியும் கேட்பார்கள். அபார்ட்மென்ட் வாசலில் நிறுத்துவதாக இருந்தால் இந்த வருடம் வேண்டாம். 12,000க்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள், மீதி முதல் வருட வேலைக்கு ஆகும். குளிர்காலத்தில் நிறுத்த இடமில்லாதவர்கள் அக்டோபரில் விலையை இறக்குவார்கள், அப்போது தேடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் எனக்குப் படங்கள் அனுப்புங்கள். ஜாக்கியில் ஏற்றி அடிப்பக்கத்தை எடுத்த படங்கள் போதும், பெயின்ட் பளபளப்பை நான் பார்க்க வேண்டியதில்லை.