வி.எஸ். அச்சுதானந்தன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கம்பத்திலிருந்து ஒருவர்: வி.எஸ். கேரள முதல்வராக இருந்தது ஐந்தே வருடம். பிறகு எப்படி இவ்வளவு புகழ்?

பதில்: எதிர்க்கட்சித் தலைவர் பதவி கொடுத்த புகழ் அது. 1992–96, 2001–06, 2011–16 என மூன்று முறை அதில் இருந்தார்.

நாகர்கோவில் வாசகர்: 1996-லேயே முதல்வராகியிருக்க வேண்டியவராமே?

பதில்: ஆமாம். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் இவர்; அதன் இடதுசாரிக் கூட்டணி சட்டசபையின் 140 இடங்களில் 80 பிடித்தது. இவரோ சொந்த ஆலப்புழை மாவட்டத்தில், மாராரிக்குளத்தில் 1,965 ஓட்டில் தோற்றார். அதே கட்சியின் நாயனார் முதல்வரானார். உள்ளடி வேலை என்ற பேச்சு கடைசிவரை ஓயவில்லை.

போடியிலிருந்து: பயிரை வெட்டியவர் எப்படிப் பசுமைக் காவலர் ஆனார்?

பதில்: நல்ல கேள்வி. நெல்வயல்களை வேறு சாகுபடிக்கு மாற்றுவதை எதிர்த்து 1997 வாக்கில் விவசாயத் தொழிலாளர் சங்கம் நடத்திய 'வெட்டிநிரத்தல்' (வெட்டிச் சமன்செய்தல்) போராட்டத்தின் முகம் இவர்தான். வளர்ந்து நிற்கும் பயிரைச் சாய்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? வில்லன் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதைத் துடைத்தது மதிகெட்டான் மலை. 2002-ல், எண்பதைத் தொடும் வயதில், உங்கள் ஊருக்கு மேலே இடுக்கிக் காட்டுக்குள் ஏறிப் போய், சோலைக்காட்டை அழித்து ஏலக்காய் பயிரிட்டிருந்ததைப் பார்த்துவந்தார். அடுத்த வருடமே அது தேசியப் பூங்கா. சட்டசபையில் எத்தனை நாள் பேசினாலும் இது நடந்திருக்காது என்பது என் கணிப்பு. கோர்ட் வழியையும் விடவில்லை. இடமலையாறு ஊழல் வழக்கில் உயர் நீதிமன்றம் விடுவித்த முன்னாள் அமைச்சர் பாலகிருஷ்ண பிள்ளைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். 2011-ல் ஓராண்டு தண்டனை வந்தது.

பொள்ளாச்சி வாசகர்: சொந்தக் கட்சியோடு?

பதில்: ஒத்துப்போகவில்லை. 2012-ல் நெய்யாற்றின்கரை இடைத்தேர்தல் ஓட்டுப்பதிவு நாளன்றே, கட்சியைவிட்டு விலகியிருந்து கொலையான அதிருப்தித் தலைவர் டி.பி. சந்திரசேகரன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார். கட்சி அந்தத் தொகுதியில் தோற்றது.

கோவையிலிருந்து: மூணாறு தமிழ்ப் பெண்கள் இவரை மட்டும் ஏற்றார்களாமே?

பதில்: 2015 செப்டம்பர், 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) போராட்டம். 20 சதவீத போனஸ் கேட்ட தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே விரட்டினார்கள். 91 வயது வி.எஸ். வந்தபோது நடுவில் இடம் விட்டார்கள். தீரும்வரை போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். 20 சதவீதமும் கிடைத்தது.

கூடலூரிலிருந்து: அப்போ முல்லைப் பெரியாறில் நம் பக்கமா?

பதில்: அதெல்லாம் இல்லை. புது அணைதான் வேண்டும் என்றவர்.